பணியாளர் உதவித் திட்டம்: விளிம்பில் நிற்கும் ஊழியருக்கு எட்டுகிறதா?

ஊழியர்களின் மனநலத்துக்காக நிறுவனங்கள் வெளியிலிருந்து வாங்கும் சேவைகளில் பரவலானது ஈஏபி எனப்படும் பணியாளர் உதவித் திட்டம். ஒரு தொலைபேசி எண், ஒரு செயலி, ஆண்டுக்குச் சில இலவச ஆலோசனை அமர்வுகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் குடிப்பழக்கத்துக்கு ஆளான தொழிலாளர்களுக்காக உருவான ஏற்பாடுகளின் வழி வந்தது. மேசை வேலையும் மடிக்கணினியும் உள்ள, பெரும்பான்மையைச் சேர்ந்த ஊழியருக்கு ஓரளவு நன்றாகவே உதவுகிறது. சாதியால், மதத்தால், இனத்தால், பாலின அடையாளத்தால், உடல்நிலையால் ஒதுக்கப்படுகிற ஊழியருக்கு? விற்பவர் நீட்டும் மாதிரி ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்திட்டால் உதவாது. சில இடங்களைத் திருத்தி எழுதினால் உதவும். அந்த இடங்கள் எவை என்று பார்ப்போம்.

முதலில் ரகசியம். எல்லாச் சேவையாளர்களும் "முழு ரகசியம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆலோசகர் வாய் திறக்கமாட்டார் என்பது பெரும்பாலும் உண்மையும்கூட. கசிவு வேறு வழியில் நடக்கிறது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்துக்குப் போகும் பயன்பாட்டு அறிக்கை. ஒரு கிளையில் திருநங்கை ஒருவர்தான் வேலை செய்கிறார் என்றால், கிளைவாரியாகவும் பாலினவாரியாகவும் பிரித்த அட்டவணையில் அவர் பெயரை எழுதாமலே யாரென்று தெரிந்துவிடும். இதற்காகப் பத்துக்குக் குறைவான எண்ணிக்கையை மறைத்துவிடுவோம் என்பார்கள். அது மட்டும் போதாது. மொத்தம் 32, ஆண்கள் 19, பெண்கள் 12 என்று அச்சிட்டு மூன்றாவது கட்டத்தை மட்டும் மறைத்தால், கழித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் விடை கிடைத்துவிடும். ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் வேண்டும். ஒரு கட்டத்தை மறைத்தால் அருகிலுள்ள இன்னொன்றையும் மறைக்க வேண்டும். கிளை, பாலினம் போன்ற இரண்டு பிரிவினைகளை ஒரே அட்டவணையில் குறுக்கே வைக்கக் கூடாது.

சின்னக் கசிவுகளும் உண்டு. அலுவலக மின்னஞ்சலில் உள்நுழையச் சொல்லும் செயலி, எல்லோரும் பார்க்கும் நாட்காட்டியில் தானாகப் பதிவாகும் அமர்வு நேரம், நிறுவனக் கைபேசியின் அழைப்புப் பட்டியல். பணியாளர் எண் கேட்காமல், நிறுவனத்துக்குப் பொதுவான ஒரு குறியீட்டை மட்டும் கேட்கும் சேவையே நல்லது. அமர்வுக்குப் போகும் நேரத்தை வருகைப் பதிவில் சாதாரண மருத்துவ நேரமாகவே குறிக்க வேண்டும். மேலாளருக்குக் காரணம் சொல்லும் கட்டாயம் இருக்கக் கூடாது.

அடுத்தது ஆலோசகர். "எங்கள் வலையமைப்பில் ஆயிரக்கணக்கானோர்" என்ற விளம்பரத்தைப் பொருட்படுத்தாதீர்கள். பட்டியலில் பெயர் இருப்பவர் வேறு, புதியவரை ஏற்கும் நிலையில் இருப்பவர் வேறு. இன்ன மொழியில், இன்ன பின்னணியில் அனுபவமுள்ள ஆலோசகர், 5 வேலை நாட்களுக்குள் கிடைப்பாரா? இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கவும், பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். மாற்றியதால் வீணான அமர்வைக் கணக்கில் கழிக்கக் கூடாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒதுக்கப்படுபவர்கள் சுமக்கும் கூடுதல் மன அழுத்தத்தை விளக்க, ஆய்வாளர் இலன் மேயர் 2003இல் விரிவாக எழுதிய சிறுபான்மை அழுத்தக் கோட்பாடு இதைத் தெளிவாக்குகிறது. நேரடியாக நடக்கும் அவமதிப்பு, எந்நேரமும் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது, அடையாளத்தை மறைப்பது, பிறர் சொல்லும் இழிவைத் தானே நம்பத் தொடங்குவது என்று சுமைக்குப் பல அடுக்குகள். பயிற்சியில்லாத ஆலோசகர் கடைசி அடுக்கை மட்டும் பிடித்துக்கொள்வார். "நீங்கள்தான் அதிகம் யோசிக்கிறீர்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்பார். குழுவில் தன்னை மட்டும் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் விடுகிறார்கள் என்று சொன்னவருக்கு அது இரண்டாவது அடி. முதல் அமர்வோடு நின்றுவிடுபவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைக் கேளுங்கள். சேவையின் தரம் வேறெந்த எண்ணையும்விட இதில்தான் தெரியும். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ "மாற்ற" முயலும் ஆலோசனைக்கு ஒப்பந்தத்திலேயே தடை எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990இல். ஆனாலும் அப்படி முயலும் ஆலோசகர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அமர்வுகளின் எண்ணிக்கை இன்னொரு குறை. மாதிரி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் 3 முதல் 8 வரை. தன் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று விளக்கவே முதல் இரண்டு போய்விடுகிறவருக்கு 3 என்பது எதற்கும் காணாது. 8க்குக் கீழே ஒத்துக்கொள்ளாதீர்கள். முடிந்த பிறகும் உதவி தேவையென்றால், வெறும் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பாமல், அடுத்த மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்து ஒப்படைக்கும் பொறுப்பு ஆலோசகருடையது.

காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஏற்பாடு செய்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சமூகம் சிறியது. வரும் பெயர்ப்பாளர் அவருடைய நண்பர்கள் எல்லோரையும் அறிந்தவராக இருக்கலாம். அதனால் பெயர்ப்பாளரை ஊழியரே தேர்ந்தெடுக்க வேண்டும், ரகசிய ஒப்பந்தத்தில் பெயர்ப்பாளரும் கையெழுத்திட வேண்டும், 50 நிமிட அமர்வை 75 நிமிடமாகவாவது நீட்ட வேண்டும். சைகைமொழியிலேயே பேசக்கூடிய ஆலோசகர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பார்வையற்றவருக்காகச் செயலியைச் சோதிப்பது எளிது: திரையை அணைத்துவிட்டு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை மட்டும் வைத்து ஓர் அமர்வைப் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் தேதி தேர்வுக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

செயலியிலுள்ள தியானம், மனநிலைப் பதிவு போன்றவை இருந்தால் கேடில்லை. அவற்றுக்காக வாங்க வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பல செயலிகள் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளை நிரப்பச் சொல்கின்றன. 9 கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல நிபுணர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஆம்" என்ற பொருளில் விடை வந்தால் எத்தனை நிமிடத்தில் மனிதர் ஒருவர் அழைப்பார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வினாத்தாளையே நீக்கச் சொல்லுங்கள்.

கட்டண முறையையும் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கும் சேவையாளருக்கு, குறைவானவர்கள் அழைத்தால்தான் லாபம். துப்புரவு, காவல், உணவகம் போன்ற ஒப்பந்தப் பணியாளர்கள் அந்தத் தலைக்கணக்கில் வருவதே இல்லை. அதிகம் ஒதுக்கப்படுபவர்களோ அவர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து, நடந்த அமர்வுக்குத் தகுந்தபடி கட்டணம் பேசுங்கள். பயன்பாட்டு விகிதம் என்று காட்டும்போது, ஓர் அமர்விலாவது கலந்துகொண்டவர்களை மட்டுமே எண்ணச் சொல்லுங்கள். செயலியைத் திறந்தவர், இணையவழிக் கூட்டத்தில் எட்டிப் பார்த்தவர் எல்லோரையும் சேர்த்து ஊதிக் காட்டும் வழக்கம் இருக்கிறது.

மேலாளரின் நடத்தையை இந்தச் சேவை திருத்தாது. வேலையிடத்து மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தனிநபர் உதவியோடு மேலாளர் பயிற்சியையும் வேலை நிலைமைகளை மாற்றும் நடவடிக்கைகளையும் சேர்த்தே பரிந்துரைக்கின்றன. ஆலோசகர் புகார் எழுதித் தரமாட்டார்; ஆனால் புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வழிமுறையை ஒரு பக்கத்தில் எழுதிச் சேவையாளரிடம் கொடுப்பது நிறுவனத்தின் வேலை.

கடைசியாக, வெளியேறும்போது என்ன ஆகும் என்ற பிரிவு. பல ஒப்பந்தங்களில் வேலையின் கடைசி நாளோடு சேவையும் நின்றுவிடுகிறது. துன்புறுத்தல் தாங்காமல் வேலையை விட்டவருக்கு உதவி மிகவும் தேவைப்படும் வாரம் அதுதான். வெளியேறிய பின் 90 நாட்கள், அதே ஆலோசகரிடம் என்று எழுதி வாங்குங்கள். நிறுவனம் வேறு சேவையாளருக்கு மாறினாலும் பாதியில் இருக்கும் அமர்வுகள் முடியும்வரை தொடர வேண்டும். ஆலோசகரின் குறிப்பேடுகள் நிறுவனத்தின் கைக்கு வரக் கூடாது.