சுவரில் மாட்டவா, பெட்டியில் பூட்டவா?

கதை இல்லை, பாத்திரம் இல்லை. வட்டமும் கோடும் வண்ணமும் இசைக்கு ஆடும். அத்தகைய தொடக்ககால அரூப அனிமேஷனைச் சேகரிக்கப் புகுந்தவர் எவரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்: ஆஸ்கர் ஃபிஷிங்கரா, லென் லையா?

ஜெர்மானியரான ஃபிஷிங்கர், 1930ஐ ஒட்டிய 'ஸ்டூடியே' வரிசைப் படங்களுக்குத் தாளில் கரிக்கோலால் வரைந்தார். நெகட்டிவில் கறுப்புக் கோடு வெள்ளையாகித் திரையில் பளிச்சிடும். ஒரு நிமிடம் ஓட 1,440 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், வேண்டும் என்றால் எத்தனை தாள் வரைந்திருப்பார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தாள் என்பதால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம். மாட்டிய பிறகுதான் சங்கடம். உற்றுப் பார்த்தால் வளைந்த ஒரு கரிக்கீற்று, அவ்வளவே. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் இசைக்கு அது துள்ளுவது அடுத்த தாளில் இருக்கிறது. அந்தத் தாள் வேறு யார் வீட்டிலோ!

நியூசிலாந்துக்காரரான லைக்குக் கேமராவே தேவைப்படவில்லை. 1935இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்காகச் செய்த 'எ கலர் பாக்ஸ்' படத்தில் பிலிம் மீதே வண்ணம் தீட்டினார். கோடுகள் பிரேம் எல்லையைச் சட்டை செய்யாமல் நீளவாக்கில் ஓடும். அத்தனை ஆட்டமும் ஆடிவிட்டுக் கடைசியில் பார்சல் கட்டணத்தை அறிவிக்கும் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1958இல் 'ஃப்ரீ ராடிக்கல்ஸ்' படத்துக்குக் கறுப்புப் பிலிமைக் கீறியே கோடுகளை எழுப்பினார்.

லையிடம் மூலம் என்பது அவர் கைபட்ட பிலிம்தான். அதை ஓட்டினால் தேயும். புதிதாக விழும் கீறல் லையுடையதா, புரொஜெக்டருடையதா என்று யார் சொல்வது? அக்கால நைட்ரேட் பிலிமோ எளிதில் தீப்பற்றும். வீட்டில் வைக்கும் பொருளே அல்ல. நியூசிலாந்தின் நியூ பிளிமத் நகரில் 2015இல் திறந்த லென் லை மையம் போன்ற இடங்களிடம் அந்தக் கவலையை விட்டுவிட்டு, டிஸ்க் வாங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஃபிஷிங்கரின் எண்ணெய் ஓவியங்களும் உண்டு. அமெரிக்காவில் படத்துக்குப் பணம் வறண்டபோது கித்தானுக்குத் திரும்பியவர் அவர். அழகுதான், ஆனால் அசையாத ஒன்றைத் தேடியா இந்தப் பக்கம் வந்தோம்? கையில் காசிருந்தால் நான் அடுத்தடுத்த இரண்டு கரித்தாள்களைத்தான் வாங்குவேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மேல்தாளைத் தூக்கித் தூக்கி விட்டால் கோடு சற்றே நகரும்.