பழைய நிசான் லீஃப்: பற்றரியின் நிலையைச் சொல்வது பாரா, செயலியா, மின்மானியா?

2015ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பானிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கிய நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் பல, இன்று பத்து வயதைக் கடந்த நிலையில் மறுபடியும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றின் 24 கிலோவாட் மணி பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது என்பதால், ஓடிய கிலோமீற்றரைவிட வெயிலில் கழித்த ஆண்டுகளே அதை அதிகம் தேய்த்திருக்கும். எனவே ஓடோமீற்றரை நம்பி விலை பேச முடியாது. வாங்குபவருக்கு மூன்று வழிகள் உள்ளன.

செலவில்லாத வழி, மீற்றர் பலகையின் வலது ஓரத்தில் தெரியும் 12 சிறிய பார்களை எண்ணுவது. முதல் பார் மறைவதற்குக் கொள்ளளவு ஏறத்தாழ 15 சதவீதம் குறைய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பாருக்கும் ஆறேகால் சதவீதம். ஆகவே ‘12 பார்’ என்று விளம்பரப்படுத்தப்படும் கார் 99 சதவீதத்திலும் இருக்கலாம், 86 சதவீதத்திலும் இருக்கலாம். 9 பார் என்றால் மீதமுள்ளது 66 முதல் 72 சதவீதம் வரை. இதைவிடப் பெரிய சிக்கல், பற்றரிக் கட்டுப்பாட்டுக் கருவியின் பதிவை அழித்து மீளமைத்தால் போன பார்கள் அனைத்தும் திரும்பி வந்து, கார் ஓட ஓடத்தான் மீண்டும் மறையும் என்பது. பத்து வயது லீஃபில் 12 பாரும் எரிந்தால் மகிழ்வதைவிடச் சந்தேகிப்பதே பொருத்தம்.

இரண்டாவது வழி, காரின் பழுதறியும் துறையில் (ஓ.பி.டி.) ஒரு புளூடூத் கருவியைச் செருகி ‘லீஃப் ஸ்பை’ செயலியில் பார்ப்பது. பலரும் அதில் தெரியும் எஸ்.ஓ.எச். (பற்றரியின் எஞ்சிய நலநிலை) சதவீதத்தை மட்டும் படமெடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் அந்த எண்ணும் பார்களைக் கணக்கிடும் அதே கட்டுப்பாட்டுக் கருவியின் மதிப்பீடுதான். பதிவை மீளமைத்தால் இதுவும் ஏமாற்றும். எதிர்த்திசையிலும் தவறலாம்: 30 கிலோவாட் மணி லீஃப்களின் மென்பொருள் கொள்ளளவைக் குறைத்துக் காட்டியதால் 2018இல் நிசான் அதைத் திருத்த வேண்டியிருந்தது. செயலியின் உண்மையான பயன், பற்றரியில் உள்ள 96 கல இணைகளின் மின்னழுத்தத்தைத் தனித்தனியாகக் காட்டும் பக்கத்தில் உள்ளது, ஏனெனில் அது மதிப்பீடன்று, அளவீடு. நின்றிருக்கும் காரில் எல்லாக் கலங்களும் ஒழுங்காகவே தெரியும். சார்ஜ் 30 சதவீதத்திற்குக் கீழே இறங்கியபின் ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தும்போது ஒரு கலம் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்தால், அதுவே முழுப் பற்றரியின் எல்லை. கொழும்பு, கண்டிப் பக்கத்தில் வாங்குபவருக்குக் கடுகண்ணாவ ஏற்றம் இதற்கு வாய்ப்பான இடம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லாததால் ஏ9 வீதியில் வேகமெடுத்துத்தான் பார்க்க வேண்டும். (வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் கலங்களைப் பழுது என்று எண்ணி விலை குறைப்பவர்கள் உண்டு. அந்த நிறம், அக்கலத்தின் மின்னழுத்தத்தை மற்றவற்றோடு சமப்படுத்தும் வேலை நடைபெறுகிறது என்பதையே குறிக்கும்.)

மூன்றாவது வழி மெதுவானது. ஆனால் காரின் மதிப்பீட்டை மிகக் குறைவாகச் சார்ந்தது. சார்ஜை 20 சதவீதம் அளவுக்கு இறக்கிவிட்டு, செருகியில் ஒரு மின்மானியை இணைத்து, 100 சதவீதம் வரை ஏற்ற வேண்டும். மானி 12 அலகு (கிலோவாட் மணி) காட்டினால், ஏற்றும்போது வீணாகும் 13 சதவீதம் அளவைக் கழிக்க, பற்றரிக்குள் சென்றது சுமார் பத்தரை அலகு. அது 80 சதவீதத்திற்கு உரியது என்பதால் முழுக் கொள்ளளவு 13 அலகு. புதிய காரில் பயன்படுத்தக்கூடிய 21.5 அலகுடன் ஒப்பிட்டால் 60 சதவீதம். தொடக்கப் புள்ளியான 20 சதவீதம் காரே சொன்னது என்பதால், எவ்வளவு கீழிருந்து தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பிழை சுருங்கும். சாதாரண வீட்டுச் செருகியில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்பதே இதன் குறை.

நேரம் இல்லாதவர் செயலியோடு ஓர் ஓட்டம் போய்வந்தால் பழுதான கலத்தையாவது கண்டுபிடிக்கலாம். தேய்மானத்தின் அளவை அறிய மின்மானியே வேண்டும் என்பது என் கணிப்பு. ஓரிரவு ஏற்றிப் பார்க்க விற்பவர் இடம் தராவிட்டால், தெரியும் பார்களின் வரம்பில் கீழெல்லையை எடுத்துக்கொண்டு விலை பேசலாம்; 12 பாரும் தெரிந்தால் அந்தக் கணக்கும் செல்லாது.