நோர்விக்கின் பகிடியும் அந்தத் தடித்த புத்தகமும்

ஸ்டுவர்ட் ரசலும் பீட்டர் நோர்விக்கும் சேர்ந்து எழுதிய 'ஆர்ட்டிஃபிஷியல் இன்ரெலிஜென்ஸ்: எ மொடேர்ன் அப்ரோச்' என்ற செயற்கை நுண்ணறிவுப் பாடப்புத்தகத்தின் முதல் பதிப்பு 1995இல் வந்தது, நான்காவது 2020இல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். அந்தத் தடிப்பைப் பார்த்தே பயந்து, பரீட்சைக்கு முதல்நாள் யாரோ எழுதிய நோட்ஸோடு சமாளிக்கிற எங்கள் கம்பஸ் பெடியள் பெட்டையளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புத்தகத்தைத் தொட முதல், பீட்டர் நோர்விக் செய்த ஒரு பகிடியைப் பாருங்கள்.

1863 நவம்பரில் கெற்றிஸ்பேர்க் போர்க்களத்து மயானத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் பேசிய பேச்சு முந்நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். நோர்விக் அதை ஆறு பவர்பொயின்ற் ஸ்லைடாக மாற்றினார். நிகழ்ச்சிநிரல், அடுத்து நிகழ்ச்சிநிரலில் இல்லாதவை, முக்கிய நோக்கங்கள், 87 வருடங்களுக்கு முன் ஒரு புதிய நாடு பிறந்தது என்று பேச்சு தொடங்குவதால், அப்போது எத்தனை புதிய நாடு, இப்போது எத்தனை என்று ஒரு வரைபடம், கடைசியில் சுருக்கம். நெஞ்சைத் தொடுகிற வசனங்கள் எல்லாம் புள்ளி போட்ட துண்டுகளாகி உயிர் போய்க் கிடக்கும். அசிங்கமான நிறத்தையும் அமைப்பையும் அவர் தேடித் திரியவும் இல்லை, பவர்பொயின்ற் தானாகவே கொடுத்த வார்ப்புருவே போதுமாக இருந்தது. செமினாரில் ஸ்லைடைப் பார்த்து வரிக்கு வரி வாசிக்கிற ஒவ்வொருவரும் இதை ஒருதரம் பார்க்க வேண்டும், விரிவுரையாளர்களும்தான்.

ஜாவாவை 21 நாளில் படிக்கலாம் என்ற மாதிரித் தலைப்புகள் கடைகளில் நிறைந்திருந்த காலத்தில், புரோகிராமிங்கைப் பத்து வருடத்தில் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதிய கட்டுரையும் இதே ரகம். தலைப்பு பகிடி, உள்ளே சொன்னது முழுக்க உண்மை. நாசாவிலும் கூகிளிலும் பெரிய பொறுப்பில் இருந்தவர், 2011இல் ஸ்ரான்ஃபோர்ட் பேராசிரியர் செபஸ்தியன் த்ரனோடு சேர்ந்து நடத்திய இலவச செயற்கை நுண்ணறிவு இணைய வகுப்புக்கு ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் பதிந்தார்கள். ஆனால் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்தப் பகிடிகளால்தான், ஏனென்றால் ஒரு விஷயத்தை எப்படிச் சொன்னால் அது செத்துப்போகும் என்று தெரிந்தவருக்குத்தான் உயிரோடு சொல்லவும் தெரியும்.

சரி, புத்தகம். ஒவ்வொரு அத்தியாயமும் பழைய நாவல் போல, இதில் நாம் இன்னதைக் காணப்போகிறோம் என்று ஒரு வரியோடு தொடங்கும். முதல் உதாரணமே இரண்டு கட்டம் உள்ள உலகத்தில் தூசி உறிஞ்சுகிற ஒரு மெஷின். தேடலுக்கு, அதாவது மெஷின் தானாக வழி கண்டுபிடிப்பதற்கு, ருமேனிய வரைபடம்: அராட்டிலிருந்து புக்கரெஸ்டுக்குப் போக வேண்டும், நேர்கோட்டில் கிட்டவாகத் தெரிகிற ஊரையே ஒவ்வொரு தரமும் பேராசையோடு எடுத்தால் ஃபகராஸ் வழியாக 450 கிலோமீற்றர், வந்த தூரத்தையும் கூட்டிப் பார்க்கிற ஏ ஸ்டார் முறைக்கு 418. இது விளங்காதவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு நெல்லியடிப் பக்கமாக ஒரு வழி, கொடிகாமம் சுற்றி இன்னொரு வழி என்று வரைந்து, தூரங்களைப் போட்டுக் கையால் செய்து பாருங்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலருக்கு அதன் பிறகுதான் ஏ ஸ்டாரின் சமன்பாடு வாசிக்கக்கூடியதாக வந்தது.

குறைகளும் உண்டு. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு இந்த ஆங்கிலம் முதல் மாதங்களில் பாரம்தான், நிகழ்தகவு அத்தியாயங்கள் இன்னும் கடினம், அதில் பொய் சொல்லி ஒருவரையும் வாங்க வைக்க மாட்டேன். புதுப் பிரதியின் விலையும் மாணவருக்குக் கட்டாது. நான்காவது பதிப்பே சாட்ஜிபிடிக்கு முந்தியது என்பதால், இப்போது எல்லோரும் பேசுகிற பெரிய மொழி மாதிரிகளைத் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பழைய மூன்றாம் பதிப்பு நூலகத்திலோ சீனியர்களிடமோ கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தேடல், தர்க்கம், நிகழ்தகவு மூன்றுக்கும் அதுவே தாராளம். ஆழக்கற்றல் (டீப் லேர்னிங்) பகுதிக்கு மட்டும் நான்காவதை இரண்டு மூன்று பேர் காசு போட்டு வாங்கலாம்.