ஹூ, விச் வேண்டுமா, வேண்டாமா?

ஒரு பையன் ஜன்னலை உடைத்தான். அவன் ஓடிவிட்டான். இரண்டையும் தமிழில் சேர்க்க நாம் யோசிப்பதே இல்லை: 'ஜன்னலை உடைத்த பையன் ஓடிவிட்டான்.' பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். இப்படி நீளும் விளக்கம் பெயருக்குப் பின்னால்தான் வரும். நம்மவர்கள் தடுமாறுகிற இடமே இதுதான்.

அப்படிப் பின்னால் வைக்க இரண்டு வழிகள். ஒன்று, அட்ஜெக்டிவ் கிளாஸ், அதாவது ஹூ, விச் போன்ற சொல்லில் தொடங்கிப் பெயரை விளக்கும் துணைவாக்கியம்: 'எ ஷெல்ஃப் விச் இஸ் ஃபுல் ஆஃப் புக்ஸ்'. மற்றது, விச் இஸ் இல்லாமல் பெயரடைத் தொடரை மட்டும் பின்னால் நிறுத்துவது: 'எ ஷெல்ஃப் ஃபுல் ஆஃப் புக்ஸ்'. பொருள் ஒன்றுதான், இரண்டாவது கச்சிதம். 'விச் வாஸ் ரிட்டன் பை ஹெர் சிஸ்டர்' என்பதிலும் முதல் இரண்டு சொற்களை எடுத்துவிடலாம். 'தி லெட்டர் ரிட்டன் பை ஹெர் சிஸ்டர்' அழகாகவே நிற்கும்.

சரி, ஜன்னலை உடைத்த பையனுக்கு வருவோம். 'தி பாய் ஹூ புரோக் தி விண்டோ' என்பதில் எடுத்துப்போட இஸ், வாஸ் எதுவும் இல்லை. சுருக்கும் ஆசையில் 'தி பாய் பிரேக்கிங் தி விண்டோ' என்று எழுதினால், அவன் இப்போதுதான் உடைத்துக்கொண்டிருக்கிறான் என்றாகிவிடும். நம் பெயரெச்சம் உடைத்த, உடைக்கிற, உடைக்கும் என்று காலத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆங்கில 'இங்' வடிவத்துக்கு அந்த வசதி கிடையாது. அதனால் நடந்து முடிந்த செயலென்றால் நான் தயங்காமல் கிளாஸ் பக்கம்தான். 'ஹூஸ்' வருகிற வாக்கியத்திலும் அதேதான்.

தனிப் பெயரடைக்கு இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஒத்துவராது. 'தி பாய் ஹூ இஸ் டால்' என்பது 'தி டால் பாய்' ஆகுமே தவிர, 'தி பாய் டால்' ஆகாது. 'சம்திங் ஸ்ட்ரேஞ்ச்' மாதிரி சில இடங்களில் மட்டும் தனிச்சொல்லும் பின்னால் நிற்கும்.

அப்புறம், இடம் மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. 'எ ரெஸ்பான்சிபிள் மேன்' என்றால் பொறுப்பான மனிதர். 'தி மேன் ரெஸ்பான்சிபிள்' என்றால் நடந்ததற்குக் காரணமானவர். விபத்தைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், குற்றம் சாட்ட வேண்டியவரைப் பாராட்டிவிடுவோம். சந்தேகம் வந்தால் 'ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி ஆக்சிடென்ட்' என்று முழுசாகவே எழுதிவிடுங்கள்.