கொடுங்கனவுக்கு எந்த மாத்திரை? பிரசோசினும் அதன் போட்டி மருந்துகளும்

போர், விபத்து, வன்கொடுமை, ஆழிப்பேரலை என எதில் தப்பியவராக இருந்தாலும், மனவடு தூக்கத்தை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, படுத்தால் கண் மூடாது. மற்றது, தூக்கம் வரும். ஆனால் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ அதே காட்சி திரும்ப வந்து எழுப்பிவிடும். நெஞ்சு படபடக்க, வேர்வையில் தலையணை நனைந்திருக்க, பிறகு விடியும்வரை விழிப்புதான். மருந்துக் கடையில் இரண்டுக்கும் 'தூக்க மாத்திரை' என்றே கேட்கிறோம். ஆனால் முதலாவதற்கு உதவும் மருந்து பெரும்பாலும் இரண்டாவதைத் தொடுவதில்லை. எது உங்கள் தொந்தரவு என்று தெரிந்துகொள்ளாமல் மருந்துகளை ஒப்பிடுவதில் பயனில்லை. அதனால் மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: படுத்த நேரம், தூக்கம் பிடித்த நேரம், கனவில் விழித்த நேரம், மீண்டும் தூங்கினீர்களா இல்லையா.

குளோனசிபாம், அல்பிரசோலம்

பென்சோடயசெபைன் குடும்பத்தைச் சேர்ந்த அமைதிப்படுத்தும் மருந்துகள். பலருக்கு முதலில் கிடைப்பது இதுதான். அன்று இரவே தூக்கம் வரும் என்பதால் நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் கொடுங்கனவை இது குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், கொடுங்கனவுக்குப் பரிந்துரைக்கத்தகாதவை என்று குளோனசிபாமையும், மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சினையும் குறிப்பிட்டது. அமெரிக்க ராணுவத்தினருக்கான 2023 வழிகாட்டியும், மனவடு நோய்க்கு (பி.டி.எஸ்.டி.) இந்தக் குடும்ப மருந்துகள் வேண்டாம் என்கிறது. சில வாரங்களிலேயே உடல் இதற்குப் பழகிவிடும்; பிறகு ஒரு நாள் தவறினாலும் தூக்கம் முன்பைவிட மோசமாகும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பதே பாதுகாப்பு.

பிரசோசின்

1970-களில் ரத்த அழுத்தத்துக்காக வந்த பழைய மருந்து. மனவடு உள்ளவர்களின் மூளையில், உடலை உஷார்படுத்தும் நோர்அட்ரினலின் என்ற ரசாயனம் இரவிலும் அடங்குவதில்லை. அந்த எச்சரிக்கை மணி கனவுக்குள்ளும் அடித்துக்கொண்டே இருக்கிறது. பிரசோசின் மூளைக்குள் நுழைந்து, அந்த ரசாயனம் வந்து ஒட்டும் ஆல்ஃபா-1 ஏற்பிகளை அடைத்து, அந்த மணியின் சத்தத்தைக் குறைக்கிறது. தூங்கவைப்பது அதன் வேலை அல்ல. 'மாத்திரை போட்டும் தூக்கம் வரலையே' என்று மூன்றாம் நாளே விட்டுவிடுபவர்கள் இதை அறியாதவர்கள்.

சியாட்டிலில் மனநல மருத்துவர் மர்ரி ரஸ்கிண்ட் வியட்நாம் போர் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில்தான் இதன் பயன் தெரியவந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் சென்று திரும்பிய 67 ராணுவத்தினரிடம் நடந்து 2013-இல் வெளியான சோதனையில் நல்ல பலன் கிடைத்தது. அதில் ஆண்கள் படுக்கும்போது எடுத்தது சராசரியாக 15.6 மி.கி., பெண்கள் 7 மி.கி. ஆனால் 2018-இல் வந்த பெரிய சோதனையில், 304 முன்னாள் வீரர்களிடம் வெற்று மாத்திரைக்கும் பிரசோசினுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிலைமை மோசமாக இருந்தவர்களை அதில் சேர்க்காதது ஒரு காரணமாக இருக்கலாம். தொடக்கத்தில் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தவர்களிடம் பலன் அதிகம் என்று 2013 சோதனையின் மறு அலசல் காட்டியது. 2023 வழிகாட்டி கொடுங்கனவுக்கு இதைப் பலவீனமான ஆதரவோடு பரிந்துரைக்கிறது. வேர்வையும் படபடப்புமாக விழிப்பவருக்கு முதலில் முயல வேண்டியது இதுவே என்பது எங்கள் கருத்து.

தொடங்கும் அளவு படுக்கும்போது 1 மி.கி. அதற்குமேல் சில நாள் இடைவெளியில் 1, 2 மி.கி. என ஏற்ற வேண்டும். 2 மி.கி.யிலேயே நின்றுவிட்டு 'கேட்கவில்லை' என்று கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் மாத்திரையும், அளவு ஏற்றும் ஒவ்வொரு இரவும் ஆபத்தான நேரம்: எழுந்து நின்றதும் அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். முக்கியமாக மூன்று மணிக்குக் கழிப்பறைக்கு எழும்போது. படுக்கையின் விளிம்பில் கால் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். வீட்டில் அழுத்தமானி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருமுறையும், நின்று மூன்று நிமிடத்தில் ஒருமுறையும் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் அளவை ஏற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில நாள் மருந்து விட்டுப்போனால் பழைய அளவில் தொடரவே கூடாது. மீண்டும் 1 மி.கி.யிலிருந்துதான்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு அந்த நேரத்துக் கொடுங்கனவு இரட்டை வேதனை. கனவு மிகுந்த தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீள்கிறது. பிரசோசினின் வீரியமோ இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். முன்னிரவுக் கனவு நின்று விடியற்காலைக் கனவு மட்டும் மிஞ்சுவது இதனால்தான். மருந்து தோற்றுவிட்டது என்று பொருளில்லை; அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தியக் கடைகளில் 2.5, 5 மி.கி. எக்ஸ்.எல். மாத்திரைகள் கிடைக்கின்றன. இவை மெதுவாகக் கரைபவை. உடைக்கவோ மெல்லவோ கூடாது. சாதாரண 1 மி.கி.க்குப் பதிலாகக் கடைக்காரர் இதைத் தந்தால் வாங்காதீர்கள். விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுப்பவரும், கண்புரை அறுவை செய்யவிருப்பவரும் இந்த மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

குளோனிடின்

நோர்அட்ரினலின் சுரப்பையே குறைப்பது. கம்போடிய அகதிகளுக்கு 1980-களிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய சோதனைகள் இல்லை. படுக்கும்போது 100 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். பிரசோசினைவிட நீண்ட நேரம் நிற்கும், தூக்கக் கலக்கமும் தரும். ஆகவே தூக்கம் பிடிக்காமையும் கனவும் சேர்ந்திருப்பவருக்குப் பொருந்தலாம். வாய் வறளும். மாத்திரையை மறந்துவிடும் பழக்கம் உள்ளவருக்கு இது வேண்டாம்: திடீரென நின்றால் ரத்த அழுத்தம் எகிறும்.

டிரசோடோன்

தூக்கம் பிடிப்பதற்கு, பழக்கப்படுத்தாத மருந்து. இரவில் 25 அல்லது 50 மி.கி. போதும். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளால் தூக்கம் கெட்டவருக்கு இது கைகொடுக்கும் (செர்ட்ராலினைக் காலைக்கு மாற்றுவதே பாதி நிவாரணம்). கனவின் மேல் இதன் பலன் பிரசோசின் அளவுக்கு நேரடியானதல்ல. ஆண்களுக்கு அரிதாக வலியோடு விறைப்பு இறங்காமல் நிற்கும். நான்கு மணி நேரம் தாண்டினால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பிரசோசினோடு சேர்த்தால் இந்த ஆபத்தும் அழுத்தச் சரிவும் கூடும்.

மனச்சோர்வு மருந்தான மிர்டாசபின் தூக்கமும் பசியும் தரும், எடை ஏறும். சிலருக்குக் கனவைத் தெளிவாக்கிவிடும். மனநோய்களுக்கான குவெட்டியபினைத் தூக்கத்துக்காக மட்டும் எடுப்பது சர்க்கரையும் கொழுப்பும் ஏறும் விலைக்குத் தகாது.

மாத்திரைக்கு முன்னும் பின்னும்

சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுபவருக்கு முதலில் வேண்டியது தூக்கப் பரிசோதனை. மூச்சுத் தடையைச் சரிசெய்தாலே பலருக்குக் கொடுங்கனவு குறைகிறது. அதைக் கவனிக்காமல் குளோனசிபாம் கொடுத்தால் மூச்சு இன்னும் அடங்கும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரப்படும் புரோபரனோலால், மெட்டோபரோலால் எடுப்பவரின் கனவுக்கு அந்த மாத்திரைகளே காரணமாக இருக்கலாம். இரவில் குடித்துத் தூங்குபவருக்குப் போதை இறங்கும் பின்னிரவில் கனவு பெருகும். உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பிரசோசினை நிறுத்தினால் பலருக்குக் கனவு திரும்புகிறது. அதனால் மருந்து வேலை செய்யும் மாதங்களிலேயே கனவு மாற்றி எழுதும் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. தூக்க அகாடமி கொடுங்கனவுக்கு முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். மிகக் கொடிய கனவை எடுக்காமல், நடுத்தரமான ஒன்றை எடுத்து எழுதுங்கள். அதை எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள்: கதவு திறக்கட்டும், வேறொருவர் வந்து சேரட்டும், தண்ணீர் வடியட்டும். பழையதை மீண்டும் படிக்காமல், மாற்றிய கனவை மட்டும் பகலில் தினமும் 10 முதல் 20 நிமிடம் கண்மூடி ஓட்டிப் பாருங்கள்.