மொட்டைமாடி வெள்ளைப் பூச்சு: ஆறு வருடம் கழித்து

“மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தீர்களே, எப்படி இருக்கிறது?” என்று பக்கத்துத் தெரு நண்பர் போன வாரம் கேட்டார். “தட்டோடு பதித்துவிடுங்கள்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். தட்டோடு என்றால் தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான சுட்ட மண் ஓடு. அன்று மழை. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெயிலைத் திருப்பி அனுப்பும், நீர்க்கசிவையும் தடுக்கும் என்று 2019 கோடையில் அடித்தது. தாம்பரம் பக்கம், பழைய கான்கிரீட் வீடு. குளிர்ச்சியில் குறையே சொல்ல மாட்டேன். மே மாதம் பகல் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நிற்கலாம். முன்பு இரவு பத்து மணிக்கும் தளம் அனல் கக்கும். இப்போது மின்விசிறியிலிருந்து காற்று வருகிறது.

கூடவே தண்ணீரும் வருகிறது. படுக்கையறையில் வேறெங்கும் ஈரப்பொட்டு கிடையாது. மின்விசிறிக் கொக்கியிலிருந்து மட்டும் சொட்டு. மழை என்றால் அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுக் கட்டிலை நகர்த்தி வாளி வைக்க வேண்டும். இருட்டில் படுத்து அந்த ‘டொக்’கை எண்ணிக்கொண்டிருப்பவனிடம் யாரும் பூச்சைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது.

கொக்கிக்கு நேர் மேலே மூன்று முறை பூச்சு அடித்த அறிவாளி நான்தான். நாலு வருடம் கழித்து ஒரு கொத்தனார் மாடியைப் பகுதி பகுதியாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்த்தார். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில், பத்தடி தள்ளி, மயிரிழை விரிசல். அங்கே இறங்கிய தண்ணீர் தளத்துக்குள் புதைத்த மின்சாரக் குழாய் வழியாக நடந்து வந்து என் தலைக்கு நேரே இறங்கியிருக்கிறது. மூலையைச் சிமெண்டால் வளைத்துப் பூசி, ஃபைபர் வலை ஒட்டி, அதன் மேல் அடித்திருக்க வேண்டும். அடித்த ஆட்கள் வெறுமனே தீற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஆக, பூச்சின் மேல் தப்பில்லை என்று எழுத வேண்டும். மனம் வரவில்லை.

இதற்கிடையில் காப்பீட்டுக் கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சொட்டு ஓடையானது. மர அலமாரி உப்பிவிட்டது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி இருந்ததால் தைரியமாக விண்ணப்பித்தேன். சேதத்தைப் பார்க்க வந்த காப்பீட்டு சர்வேயர் மரியாதையான மனிதர். கொக்கியைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், “எவ்வளவு நாளாக, சார்?” என்றார். “அது நாலு வருடமாக” என்றேன், அனுதாபம் கிடைக்கும் என்று. பேனா அங்கேயே நின்றுவிட்டது. புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் பாலிசியின் பட்டியலில் உண்டு. நாள்பட்ட கசிவு இல்லை. காற்றில் பறந்த படிக்கூண்டு ஷீட்டுக்கு மட்டும், ஒரு வார்த்தை தகராறில்லாமல், பணம் வந்தது. அந்த ஷீட்டை நானே கழற்றிப் போட நினைத்திருந்தேன்.

தட்டோடு என்று ஏன் சொன்னேன்? அப்பா கட்டிய வீட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து, மேலே ஓடு பதித்தார்கள். பாரம் அதிகம், செலவும் அதிகம். ஆனால் அங்கே நாங்கள் யாரும் கட்டிலை நகர்த்தியதில்லை.

சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. என் வீட்டுப் படிக்கூண்டில் 20 லிட்டர் வாளி ஒன்று புதிதாக நிற்கிறது. அதே பூச்சுதான். மழை விட்டுத் தளம் நன்றாகக் காய வேண்டும். இந்த முறை மூலையிலிருந்து தொடங்குகிறேன்.