எந்த ரொனால்டோவைப் பார்த்துப் பழகுவது?

கால்பந்து பழகும் பிள்ளைகளுக்கு எந்த ரொனால்டோவின் ஆட்டங்களைக் காட்டுவது என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பிரேசிலின் ரொனால்டோ 1976இல் பிறந்தவர். போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ 1985இல். இருவருமே ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்கு ஆடியதால் குழப்பம் கூடிவிடுகிறது.

உலகக் கோப்பை: பிரேசில்காரர் 2002 இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டு கோல்களையும் அடித்து வென்றார். கிறிஸ்டியானோ 2006 முதல் 2022 வரை ஐந்து தொடர்களில் கோல் அடித்தும் கோப்பை கிட்டவில்லை.

பாலோன் தோர் (ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான விருது): முன்னவருக்கு 2, பின்னவருக்கு 5.

உடல்: முன்னவருக்கு 1999இல் முழங்கால் காயம். 2000 ஏப்ரலில் திரும்பி வந்த ஆட்டத்தில், இறங்கிய சில நிமிடங்களிலேயே அதே முழங்கால் மீண்டும் போயிற்று. இன்றும் அந்தக் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. கிறிஸ்டியானோ 39 வயதில் ஐரோப்பிய நாடுகளின் கோப்பைத் தொடரான யூரோ 2024 ஆடினார்.

ஆட்டம்: 1996இல் பார்சிலோனாவுக்காக, கொம்போஸ்தெலாவுக்கு எதிராக பிரேசில்காரர் அடித்த கோலைப் பாருங்கள். சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். பந்து காலை விட்டுப் போகவே இல்லை. கிறிஸ்டியானோவின் பலம் காற்றில். 2018இல் தூரின் நகரில், தலைகீழாகப் பாய்ந்து அவர் அடித்த கோலுக்கு எதிரணியான யுவெண்டஸின் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள்.

பந்தோடு ஓடித் தடுப்பாளரைத் தாண்டப் பழகுபவருக்குப் பிரேசில்காரர். தலையால் முட்டவும் உடலைப் பேணவும் கிறிஸ்டியானோ. என் மனம் முன்னவரிடம்தான். ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்குப் பின்னவரையே முதலில் காட்டுவேன். அவர் செய்வதில் பெரும்பகுதி பயிற்சியால் எட்டக்கூடியது.